பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

2024 பிப்ரவரி 28 அன்று நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தேசிய அறிவியல் நாளும் அதுதான். ‘நம்ம மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது நம்ம பிள்ளைகள் வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கணுமா?’ என்று ஒருவர் கேட்டால் அதில் தப்பே இல்லை. அந்தக் கேள்விக்கு உடனே தோன்றும் பதில் ஒன்று உண்டு. தொடக்கப்பள்ளி முதல் மேல்நிலைப்பள்ளி வரை எல்லாப் பள்ளியிலும், பள்ளி விட்ட பிறகு அறிவியல் மன்றம் நடத்துவது. ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், ஊராட்சித் தலைவர்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையில் வைத்திருப்பவர்கள் என்று பலருக்கும் பிடித்த யோசனை. எனக்கும் பிடித்ததுதான். பிடித்திருப்பதால்தான், ஓட்டப்பிடாரம் போன்ற கரிசல்காட்டு ஒன்றியத்தில் இதை எப்படிச் செய்தால் தோற்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவிட நினைக்கிறேன். தோற்ற மன்றம் வெறுமனே பணநஷ்டம் அல்ல. ஒரு தடவை ஏமாந்த பிள்ளை அடுத்த தடவை கூப்பிட்டால் வராது.

தமிழ்நாட்டில் இப்போது நடக்கும் மிகப் பெரிய முயற்சி வானவில் மன்றம். 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. தொடங்கும்போது அறிவித்த கணக்கு இது: 13,210 பள்ளிகள், 710 கருத்தாளர்கள், 25 கோடி ரூபாய். கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு 18 அல்லது 19 பள்ளி வருகிறது. நாளுக்கு ஒரு பள்ளி என்று வைத்தால், லீவே போடாமல் சுற்றினாலும் ஒரு பள்ளிக்கு மாதம் ஒரு முறைதான் போக முடியும். பணத்தை வகுத்தால் பள்ளிக்கு 19,000 ரூபாய்கூடத் தேறாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இவ்வளவு குறைந்த ஆளையும் பணத்தையும் வைத்து இத்தனை பள்ளிகளை எட்ட முடிந்ததற்குக் காரணம், இது பள்ளி நேரத்துக்குள் நடக்கிறது. பகலில் அவசியமானால் ஒருவர் இரண்டு பள்ளிக்குப் போகலாம். மாலையில் ஒன்றுக்குத்தான் போக முடியும். பிள்ளைகளை உட்கார வைப்பது, பாதுகாப்பது, வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பகலில் பள்ளிக்கூடம் தானாகவே பார்த்துக்கொள்ளும் காரியங்கள் அத்தனையும், மணி அடித்ததும் மன்றத்தின் தலையில் வந்து விழுகின்றன. மாலை மன்றம் திட்டமிடுபவர்கள் சோதனைக்குழாய்க்கும் லென்சுக்கும் விலை போட்டுப் பார்க்கிறார்கள். இந்தக் காரியங்களுக்கு யாரும் விலை போடுவதில்லை.

பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டப்பிடாரம், புதியம்புத்தூர், பசுவந்தனை மாதிரி ஊர்களின் மேல்நிலைப்பள்ளிகளுக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்துதான் பிள்ளைகள் வருகிறார்கள். இலவச பஸ் பாஸ் கையில் இருக்கிறது. ஆனால் பாஸ் இருந்தால் மட்டும் பஸ் வந்துவிடாது. பள்ளி விடும் நேரத்துக்கு வருகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்பது ஊருக்கு ஊர் வேறு. சில ஊருக்கு மெயின்ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும். அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் 11ஆம் வகுப்பில்தான் கைக்கு வரும். மன்றத்துக்கு நாம் கூப்பிடுவதோ 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளையை. நடுவில் மூன்று முதல் ஐந்து வருஷம் அந்தப் பிள்ளை பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறது.

மழைக்காலத்தில் இது இன்னும் கடினம். இந்தப் பக்கத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடும். நாலேகாலுக்குப் பள்ளி விட்டு, நாலரைக்கு மன்றம் தொடங்கி, ஐந்தரைக்கு முடித்தால், மெயின்ரோட்டிலிருந்து ஊருக்கு நடக்கும் பிள்ளை இருட்டில்தான் நடக்கும். மழை பெய்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும்: செருப்போடு மண் அப்பிக்கொண்டு, பத்து அடி வைப்பதற்குள் கால் இரண்டு மடங்கு கனமாகிவிடும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த நேரத்தில் இடியும் மின்னலும் வெட்டவெளியில். ஒதுங்க இடம் இருக்காது.

தை பிறந்தால் உளுந்து, பாசி எடுப்பு. அதன் பிறகு மிளகாய்ப் பழம் பொறுக்கும் வேலை. அம்மாமார் காட்டிலிருந்து திரும்ப நேரமாகும். தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவதும், குடிதண்ணீர் பிடித்து வைப்பதும், அடுப்பு பற்ற வைப்பதும் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்பிள்ளையின் வேலை. ‘ஒரு மணி நேரம் இருந்துட்டு வர்றேன்மா’ என்று அவள் கேட்பதற்கு முன்பே பதில் தெரியும். ஆக மாலை மன்றத்தில் கடைசியில் யார் மிஞ்சுவார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருப் பையன்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று தொடங்கியது, ஏற்கெனவே டியூஷனும் செல்போனும் உள்ள சில வீட்டுப் பிள்ளைகளுக்கானதாகச் சுருங்கிவிடும். இதை யாரும் வேண்டுமென்று செய்யமாட்டார்கள். ஆறு மணி பஸ்ஸைப் பற்றி யாரும் யோசிக்காததால் இப்படி ஆகும்.

அடுத்தது பசி. இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இந்த மண்ணில் இருந்திருக்கக் கூடாது. காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது பக்கத்து எட்டயபுரத்தில்தான். வெறும் வயிற்றில் பாடம் ஏறாது என்ற உண்மையை இந்தியாவுக்கே செய்து காட்டிய வட்டாரம் இது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்குப் போனதும் அது நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளை பள்ளியில் சாப்பிட்டது மத்தியானம் பன்னிரண்டரை, ஒரு மணிக்கு. மாலை ஐந்தரை வரை அதை உட்கார வைத்து நியூட்டன் விதியைச் சொன்னால், அது விதியைக் கேட்காது. வயிறு சொல்வதைத்தான் கேட்கும். ஒரு கைப்பிடி சுண்டலோ, கடலைமிட்டாயோ, ஒரு வாழைப்பழமோ போதும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தயாராகும் பூமியில் ஒரு மன்றத்துக்கு மிட்டாய் வாங்குவது பெரிய காரியம் அல்ல. ஆனால் அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மூன்றாவது வாரம் ஆசிரியர் தன் கைக்காசைப் போடுவார். மூன்றாவது மாதம் அதுவும் நிற்கும்.

ஆசிரியரைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார். இடையில் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலோ அறிவியல் ஆசிரியர் மாலையில் சும்மா இல்லை. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு எடுக்கிறார். தேர்ச்சி சதவீதம் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். மன்றம் நடக்காவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டில் எது நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கமிருந்தும் நெருக்கடி உண்டு. ஏசர் என்ற கிராமப்புறக் கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 40.7 சதவீதம், கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 25.2 சதவீதம். இந்த நிலையில் மாலையில் ஒரு மணி நேரம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் அதை வாசிப்புப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளத்தான் எந்தத் தலைமையாசிரியரும் நினைப்பார். அது தவறும் அல்ல. ஆனால் பெயர்ப்பலகையில் அறிவியல் மன்றம் என்று இருக்க, உள்ளே கேள்வி பதில் மனப்பாடம் நடக்கும். பிள்ளைக்கு அது கூடுதலாக ஒரு பீரியட். அறிவியல் என்றால் இன்னொரு பாடம் என்ற எண்ணம் உறுதிப்படும்.

அமெரிக்காவில் மாலை மையங்களைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பள்ளி விட்ட பிறகு நடக்கும் மையங்களுக்கு அவர்களின் மத்திய அரசு ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் செலவழித்துக்கொண்டிருந்த காலத்தில், மேத்தமேட்டிகா என்ற நிறுவனம் அவற்றை மதிப்பிட்டது. 2003இல் தொடங்கி 2005 வரை வந்த அறிக்கைகள் சொன்னது: படிப்பில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை, பிள்ளைகள் ஒழுங்காக வரவும் இல்லை. பணம் இருந்தும், கட்டடம் இருந்தும், பள்ளிப் பேருந்து இருந்தும் இந்த நிலை.

சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டால் மன்றம் நடந்துவிடும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் மோசமானது. நிதி ஆயோக் 2016 முதல் கொடுத்துவரும் அடல் டிங்கரிங் லேப் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய். அதில் பாதி சாமானுக்கு, பாதி ஐந்து ஆண்டு நடத்துவதற்கு. நாட்டில் 10,000 லேப் அமைத்தார்கள். இன்னும் 50,000 வரும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதைப் பெற சமவெளிப் பள்ளிக்கு 1,500 சதுர அடி இடம் வேண்டும். இந்த ஒன்றியத்தில் மொத்தக் கட்டடமே அவ்வளவு தேறாத பள்ளிகள் இருக்கும். 20 லட்சம் வாங்கிய பள்ளிக்கும் ஆறாவது ஆண்டு என்ன என்ற கேள்வி காத்திருக்கிறது.

சாமான் வந்து இறங்கிய பள்ளியில் அடுத்து என்ன நடக்கும்? இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். சாவி தலைமையாசிரியர் மேசை டிராயரில். ஒரு பீக்கர் உடைந்தால் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் ஆசிரியருக்கு. அதனால் அவர் பீக்கரை எடுத்து, தானே செய்து காட்டி, தானே கழுவி, திரும்ப வைத்துப் பூட்டுகிறார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்று பார்க்கிறார்கள். லிட்மஸ் தாள் ஈரம் ஏறி வெளிறிப் போகிறது. பேட்டரி கசிந்து டார்ச்சைத் தின்றுவிடுகிறது. பதிவேட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது. உடைவதற்கென்று ஆண்டுக்கு ஒரு தொகையை எழுத்துப்பூர்வமாக ஒதுக்காத எந்த மன்றத்திலும் பிள்ளையின் கைக்குக் கண்ணாடி வராது. திட்ட அறிக்கை எழுதுபவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. மத்தியப் பிரதேசம் ஹோசங்காபாத்தில் 1972இல் 16 நடுநிலைப்பள்ளிகளில் கிஷோர் பாரதி, ரசூலியா நட்பு கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து, செய்து பார்த்துக் கற்கும் அறிவியலைத் தொடங்கின. ஆறு ஆண்டு அந்தப் பதினாறு பள்ளியோடு நின்றார்கள். 1978இல்தான் மாவட்டம் முழுக்கப் போனார்கள். பிறகு 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை எடுத்து நடத்தியது. ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை கூடி, எந்தச் சோதனை சரியாக வரவில்லை என்று பேசினார்கள். பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்ற பெயருக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள், பதில் போனது. தேர்வையே மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறையும் உண்டு. இப்படி முப்பது ஆண்டில் சுமார் ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியதை 2002இல் மாநில அரசு ஒரு உத்தரவில் நிறுத்தியது. மேலிருந்து வரும் ஒரே அனுமதியையும் ஒரே நிதியையும் நம்பி நிற்பது எவ்வளவு நல்ல வேலைக்கும் ஆபத்து.

சமீபத்தில் நடந்ததையும் பாருங்கள். விஞ்ஞான் பிரசார் என்ற மத்திய அரசு அமைப்பு 1989இல் உருவானது. 1998 முதல் நாடு முழுக்க அறிவியல் மன்றங்களை விப்நெட் என்ற வலையில் சேர்த்தது. பதிவு எண், செய்திமடல், போட்டி எல்லாம் அங்கிருந்து வந்தன. 2023இல் அந்த அமைப்பையே மூடிவிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை 2024-25இல் மத்திய அரசு தராமல் நிறுத்தியதும், மாநிலம் உச்ச நீதிமன்றம் போனதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. கம்பெனிப் பணத்துக்கும் ஆயுள் உண்டு. 2013 கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் இரண்டு சதவீத நிதியில், ‘தொடரும் திட்டம்’ என்பது தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுதான். நிதி கொடுப்பவரிடம் அதற்குப் பிறகு யார் கொடுப்பார் என்று முதல் கூட்டத்திலேயே கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இந்த வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று நீளும் பூமி இது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பல வீடுகளில் உண்டு. மருந்து என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியும். குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் தனித்தனியே வைத்திருப்பதுதான் தீப்பெட்டியின் பாதுகாப்பே. மன்றத்தில் வேதியியல் ஆர்வம் ஏறிய ஒரு பையன் வீட்டிலிருந்து ‘கொஞ்சம்’ கொண்டுவந்து கலந்து பார்க்க நினைப்பது மற்ற ஊரில் கற்பனை. இங்கே நடக்கக் கூடியது. வீட்டிலிருந்து எந்த ரசாயனமும் வரக் கூடாது, தீ வைத்துச் செய்யும் எந்தச் சோதனையும் ஆசிரியர் இல்லாமல் கூடாது, மணலும் தண்ணீரும் பக்கத்தில் இல்லாமல் கூடாது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லி, சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டும். மாலையில் ஒரே ஒரு பெரியவர் பொறுப்பில் பிள்ளைகளை விடுவதும் கூடாது. இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? என் கருத்தில், பஸ்ஸில் வரும் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மன்றத்தைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். வாரம் ஒரு பீரியட், அல்லது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி. நல்ல சோதனைகள் மாலைக்காகக் காத்திருப்பதும் இல்லை. ஓட்டப்பிடாரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 டிகிரியில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 13ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 30ஐ ஒட்டியும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் பரீட்சை நேரம். ஆகஸ்டில் பள்ளி நடந்துகொண்டிருக்கும். அந்த நாளில் பகல் 12.20 மணி வாக்கில், நேராக நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் அதே நேரத்தில் நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்து அளந்து வந்தால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே நாளைச் சொல்லிவிடும். செலவு ஒரு குச்சி, ஒரு நூல்குண்டு. கரிசல் மண்ணே இன்னொரு ஆய்வகம். காய்ந்த கட்டியைச் சிரட்டையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி எவ்வளவு ஊதுகிறது என்று அளக்கலாம். சித்திரையில் வெடித்த பிளவுக்குள் அளவுகோலை விட்டுப் பார்க்கலாம். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இந்த மண்ணையும் மானாவாரிப் பயிரையும் ஆராய்ந்து வருகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு நாள் பஸ் வாடகை போதும்.

மாலையில்தான் நடத்த வேண்டும் என்றால் மன்றம் பிள்ளையின் தெருவுக்குப் போக வேண்டும். இல்லம் தேடிக் கல்வி அதைச் செய்து காட்டியது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், ஐந்து மணிக்கு மேல் வீட்டுத் திண்ணையிலும் கோயில் முன்மண்டபத்திலும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிகள் திறந்த பிறகு பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்த ஆய்வு சொல்கிறது. அதற்கும் முன்பே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர் இல்லங்களை ஊருக்குள்தான் நடத்தியது. அதன் துளிர் மாத இதழ் 1987 முதல் வருகிறது. ஊருக்குள் நடந்தால் பஸ் வேண்டாம். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்காவும் வரலாம். ஆனால் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். அந்தத் தொகைக்கு ஆண்டுக்கணக்கில் ஒருவரை அறிவியல் சொல்லிக் கொடுக்கச் சொல்வது நியாயமும் அல்ல, நடக்கவும் நடக்காது.

எனவே மன்றம் தொடங்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்றியம் முழுக்க ஒரே நாளில் பெயர்ப்பலகை மாட்டாதீர்கள். ஐந்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். அதில் குறைந்தது இரண்டு மெயின்ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கட்டும். நடத்துபவரின் சம்பளம், பிள்ளைகளின் தீனி, உடையும் சாமான், மழைநாளில் வீடு சேர்க்கும் ஏற்பாடு ஆகிய நான்குக்கும் மூன்று ஆண்டுப் பணம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கிராமசபைக் கூட்டத்தில் அந்தக் கணக்கை வாசியுங்கள். பணம் இல்லையென்றால் இந்த ஆண்டு தொடங்க வேண்டாம். இருக்கிற வானவில் மன்றம் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாதம் ஒரு முறையாவது வருகிறதா என்று தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள்.